சுட்டி தயங்கினால் மறுமுறை சொடுக்க வேண்டாம்

இணையவழியில் கட்டணம் செலுத்துகிறோம். 'உறுதி செய்க' என்னும் பொத்தானைச் சொடுக்கியும் திரையில் அசைவில்லை. பொறுமையிழந்த விரல் மேலும் இரண்டு முறை சொடுக்கிவிடுகிறது. ஒரே தொகை இருமுறை செல்லும் வாய்ப்பு இந்தத் தருணத்தில்தான் உருவாகிறது.

ஒரே கவுண்ட்டர் இயங்கும் வங்கிக் கிளையை எண்ணிப் பாருங்கள். முன்னிருப்பவரின் பணி முடியும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். உலாவியும் இவ்வாறே இயங்குகிறது. ஒரு பக்கத்தின் நிரல்களை இயக்குவதும் நம் சொடுக்குகளுக்கு மறுமொழி தருவதும் பெரும்பாலும் ஒரே வரிசையில் நடைபெறுகின்றன. கனமான நிரல் ஒன்று இடத்தைப் பிடித்துக்கொண்டால், நமது சொடுக்கு வரிசையில் காத்திருக்கும், தொலைந்துபோவதில்லை. தடை நீங்கியதும் காத்திருந்த சொடுக்குகள் ஒவ்வொன்றாகச் செயற்படக்கூடும். முதல் சொடுக்குடன் பொத்தானை முடக்கிவிடும் பக்கங்கள் உண்டு. எல்லாத் தளங்களும் அவ்வாறு செய்யும் என நம்பியிருக்க இயலாது.

குறை எங்கே உள்ளது?

கணக்கிலிருந்து முறையாக வெளியேறிய பின்னரே சோதனையைத் தொடங்குங்கள். உலாவியைச் சுருக்கிவிட்டு, வெறும் திரையில் சுட்டியை நகர்த்துங்கள். அங்கும் அம்புக்குறி விட்டுவிட்டு நகர்ந்தால், குறை சுட்டியிலோ கணினியிலோ உள்ளது. கம்பியில்லாச் சுட்டியாயின் மின்கலத்தை மாற்றுங்கள். கண்ணாடிப் பரப்பைத் தவிர்த்து, துணி விரிப்பின்மீது பயன்படுத்துங்கள். யுஎஸ்பி 3.0 வழியாக இணைத்த வன்தட்டு அருகிலிருந்தால், அது எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் சுட்டியைப் பாதிக்கலாம். சுட்டியின் சிறு ஏற்பியை வேறு துளைக்கு மாற்றுவது நலம்.

உலாவிக்குள் மட்டும் தயக்கம் இருந்தால், பின்வருவனவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள்.

1. தேவையற்ற டேப்களை மூடுங்கள். விண்டோஸ் கணினியில் குரோம், எட்ஜ் உலாவிகளில் ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால், எந்தப் பக்கம் அதிக நினைவகத்தை எடுக்கிறது என்பது தெரியும்.

2. குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் விசைகளை அழுத்தி மறைநிலைச் சாளரத்தைத் திறந்து பாருங்கள். நாம் தனியாக அனுமதித்தாலன்றி எக்ஸ்டென்ஷன்கள் அதில் இயங்குவதில்லை. அங்கே சுட்டி சீராக இயங்கினால், எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக முடக்கிக் காரணத்தைக் கண்டறியலாம். எல்லாத் தளங்களின் தகவல்களையும் படிக்க அனுமதி பெற்ற எக்ஸ்டென்ஷன், வங்கிப் பக்கத்தையும் படிக்க வல்லது. தேவையற்றவற்றை நீக்கிவிடுவது பாதுகாப்புக்கும் உகந்தது.

3. செட்டிங்ஸ் பகுதியில் 'சிஸ்டம்' என்பதன்கீழ் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் என்னும் தெரிவு உள்ளது. திரையை வரையும் பணியை வரைகலைச் செயலிக்கு அளிப்பது இது. அதற்குரிய டிரைவர் மென்பொருள் பழையதாயின் இதுவே தடையாகலாம். நிலையை மாற்றி, உலாவியை மீண்டும் தொடங்கிப் பாருங்கள்.

4. உலாவியை அண்மைப் பதிப்புக்குப் புதுப்பியுங்கள்.

பணம் செலுத்தும் நடுவில் தடைபட்டால்

மீண்டும் சொடுக்காமலும், பக்கத்தைப் புதுப்பிக்காமலும் காத்திருங்கள். மறுமொழி வராவிடில், கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியையும் கணக்கு அறிக்கையையும் பார்த்து, தொகை கழிக்கப்படவில்லை என உறுதியான பின்னரே மறுமுயற்சி செய்யுங்கள். இருமுறை கழிந்திருந்தால், பரிவர்த்தனைக் குறிப்பு எண்களுடன் தொகை பெற்ற நிறுவனத்தையும் உங்கள் கிளையையும் அணுகுங்கள்.

'உங்கள் கணினி மெதுவாக உள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்' எனத் திரையில் தோன்றும் அறிவிப்பை நம்ப வேண்டாம். அவ்வாறு அழைத்தவரிடம் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வது மோசடியாளர்களின் வழக்கம். நீங்கள் தொடாமலே அம்புக்குறி தானாக நகர்ந்து பொத்தான்களைத் தேடிச் சென்றால், உடனே இணைய இணைப்பைத் துண்டித்து, அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் வங்கிக்குத் தெரிவியுங்கள். பணம் பறிபோயிருந்தால் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழையுங்கள்.

தயங்கும் சுட்டியைச் சரிசெய்யச் சில நிமிடங்கள் போதும். அதுவரை முதல் சொடுக்குக்குரிய விடைக்காகக் காத்திருப்பதே உங்கள் பணத்திற்குப் பாதுகாப்பு.