மாத்திரைக்கு முன்னே எடை

நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் இருமல். டயாலிசிஸ் நோயாளி இப்படிச் சொன்னால் எக்கோ எடுக்கிறார்கள். ‘நுரையீரல் ரத்த அழுத்தம் அதிகம்’ என்று ரிப்போர்ட் வருகிறது. இதற்கு என்ன மாத்திரை என்று வீட்டார் கேட்கிறார்கள்.

எக்கோ எடுத்த நாள் எது என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்! இரண்டு நாள் இடைவெளியில் மூன்று கிலோ நீர் ஏறிய உடம்பில் பார்த்தால் அழுத்தம் உயர்ந்துதான் இருக்கும். நீரை இறக்கிய பின் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் சாதாரணமாக 14 மி.மீ. பாதரசம். 20-ஐத் தாண்டினால் நோய். 2003-இல் இஸ்ரேலின் ஹைஃபா நகர மருத்துவர்கள் ஹீமோடயாலிசிஸ் செய்துகொண்ட 58 பேரைச் சோதித்தபோது, சுமார் 40 சதவீதத்தினருக்கு அழுத்தம் கூடியிருந்தது. சிலரின் கையிலிருந்த ஃபிஸ்டுலாவைச் சிறிது நேரம் அழுத்தி அடைத்ததும் நுரையீரல் அழுத்தம் இறங்கியது.

டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் தைத்து இணைப்பதுதான் ஃபிஸ்டுலா. 1966-இல் நியூயார்க்கின் பிராங்ஸில் பிரெஸ்சியா, சிமினோ குழுவினர் தந்த இந்த உத்தி எத்தனையோ உயிர்களைக் காத்துவருகிறது. ஆனால் இதயம் நிமிடத்துக்கு இறைக்கும் ஐந்து லிட்டரில் ஒரு லிட்டர் வரை இந்தக் குறுக்கு வழியில் பாய்ந்து இதயத்துக்கே திரும்பிவிடும். அவ்வளவையும் நுரையீரல் தாங்க வேண்டும். ரத்தசோகையும் விறைத்துப்போன இடது இதயமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே சிகிச்சை எடை இயந்திரத்தில் தொடங்குகிறது. மிகை நீர் இல்லாத எடையான ‘ட்ரை வெயிட்’டைச் சரியாகக் கண்டுபிடித்து, நீரை மெல்ல எடுக்க வேண்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 13 மி.லி. என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. 60 கிலோ ஆளுக்கு நாலு மணி நேரத்தில் மூன்று லிட்டர் அந்த வரம்பை ஒட்டியே நிற்கிறது. அதற்கு மேல் அவசரப்பட்டால் வலது இதயம் தளர்ந்தவருக்கு பி.பி. சரிந்துவிடும். நேரத்தைக் கூட்டலாம், கூடுதலாக ஒரு நாள் செய்யலாம். ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்கினால் தாகமே பாதி அடங்கும்.

ஃபிஸ்டுலா ஓட்டம் ஒன்றரை, இரண்டு லிட்டரைத் தொட்டால் அறுவை சிகிச்சையில் அதை இறுக்கிக் குறைக்கலாம். அடியோடு மூடினால் கழுத்தில் கதீட்டர், கூடவே தொற்று. சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகள் நுரையீரல் தமனியே நோயுற்றவர்களுக்கானவை. இடது இதயக் கோளாறால் அழுத்தம் ஏறியவர்களுக்கு 2022 ஐரோப்பிய வழிகாட்டுதல் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

சிறுநீரக மாற்றுக்குப் பிறகு பலருக்கு அழுத்தம் குறைகிறது. மாற்றுச் சிறுநீரகம் நிலைத்தவர்களின் ஃபிஸ்டுலாவை மூடிப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு 2019-இல் வெளியானது: இதயத் தசையின் தடிப்பு குறைந்திருந்ததை எம்.ஆர்.ஐ. காட்டியது.