மூன்றால் வகு, பேரேட்டில் எழுது

ஒவ்வோர் உறுப்பும் முந்தைய உறுப்பிலிருந்து பிறக்கும் தொடர் ஒன்றைக் கூட்ட வேண்டும். ஃபங்ஷன் தன்னைத்தானே அழைக்க வேண்டுமா, லூப் போதுமா? நிரல் பழகும் வாசகர் ஒருவர் திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவிலிருந்து கேட்டிருக்கிறார்.

சாலைக் கடைத்தெரு என்றால் தமிழ் வாசகருக்கு ஆ. மாதவன் நினைவுக்கு வருவார். அங்கே பாத்திரக் கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவைக் கதையாக்கியவர். இந்தக் கேள்விக்கு விடை இருப்பது கேரளத்தின் இன்னொரு மாதவனிடம்.

14ஆம் நூற்றாண்டின் சங்கமகிராம மாதவன் அவர். அவருடைய வட்டச் சுற்றளவுக் கணக்கு 16ஆம் நூற்றாண்டில் சங்கர வாரியரின் உரை வழியாக நமக்குக் கிடைத்தது. நிரூபணத்தை ஜேஷ்டதேவர் மலையாளத்தில் ‘யுக்திபாஷா’வில் எழுதினார். 1834இல் சார்லஸ் விஷ் இவற்றை ஆங்கிலத்தில் அறிவித்தார். வரலாறு இவ்வளவு போதும். ‘உலகின் முதல் புரோகிராமர்’ என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுவதை அங்கேயே விட்டுவிடலாம். அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை, கறாரான செய்முறை இருந்தது.

வட்டத்தின் விட்டம் 1 என்று கொள்வோம்; அப்போது சுற்றளவுதான் பை (π). 12இன் வர்க்கமூலம், 3.4641, முதல் எண். அதை மூன்றால் வகு, வந்ததை மறுபடி மூன்றால் வகு, இப்படியே போ. வரிசையாகக் கிடைத்தவற்றை 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களால் வகு. முதலாவதைக் கூட்டு, இரண்டாவதைக் கழி, மூன்றாவதைக் கூட்டு.

இதைச் சாலையின் பழைய கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தால் இரண்டு ஏடு கேட்பார். குறிப்பேட்டில் ஒரே எண் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதை அடித்துவிட்டு அதன் மூன்றிலொரு பங்கை எழுதுவார். அதை ஒற்றைப்படை எண்ணால் வகுத்த தொகை பேரேட்டுக்குப் போகும், ஒருமுறை வரவு, மறுமுறை பற்று. நிலுவை 3.4641, 3.0792, 3.1562, 3.1379, 3.1426 என்று பையின் இரு பக்கமும் தாவித் தாவி நெருங்கும். 21ஆம் வரியில் முதல் 10 தசம இடங்கள் சரியாகிவிடும். மாதவன் பெயரிலேயே உள்ள எளிய தொடர், 1 − 1/3 + 1/5 என்று போவது, 1,000 உறுப்பு கூட்டி நான்கால் பெருக்கினாலும் 3.1406இல்தான் நிற்கும்.

லூப் என்பது இந்தக் கணக்குப்பிள்ளைதான். தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷனோ, இன்றைய எண்ணுக்கு நேற்றைய கணக்குப்பிள்ளையைக் கேட்கும்; அவர் முந்தாநாள் ஆளைக் கேட்பார்; விடை வரும்வரை அத்தனை பேரும் கடை வாசலில் காத்திருப்பார்கள். பைத்தான் சாதாரணமாக 1,000 பேரோடு ஷட்டரை இறக்கிவிடும். ஒவ்வோர் உறுப்புக்கும் முதலிலிருந்து இப்படிக் கேட்டால், 21 உறுப்புக்கு மூன்றால் வகுக்கும் வேலை 210 தடவை. லூப்புக்கு 20 தடவை.

லூப்பிலும் ஒரு குழி உண்டு. ஒரே ஏடு போதும் என்று நினைத்து, ஒற்றைப்படை எண்ணால் வகுத்ததையே அடுத்த சுற்றுக்கும் எடுத்துக்கொண்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. தொடர் முன்னைவிட வேகமாகவே அடங்கி, ஆறே சுற்றில் 3.1037 என்று அழகாக நின்றுவிடும். எண் ஆடாமல் நிற்பதால் மாணவர் நம்பிவிடுவார். மூன்றால் வகுத்த வரிசையை ஒற்றைப்படை வகுத்தலுக்கு முன்பே தனியாக நிறுத்தும் பழைய செய்முறையில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

அந்த 3.1037ஐ வைத்து, வாய் 30 செ.மீ. அகலமுள்ள அண்டாவுக்கு விளிம்புப் பட்டை வெட்டினால் 1.1 செ.மீ. குறையும். இரண்டு முனையும் சேராது.