மழைக்குட்டையிலிருந்து ஆப்பிரிக்கா வரை

மழை விட்ட மாலையில் மைதானத்துக்கு மேலே கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தட்டானை நம்மில் பார்க்காதவர் குறைவு. பான்டாலா ஃபிளாவெசென்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர். நாலரை சென்டிமீட்டர் உடல், கண்ணாடிபோன்ற நான்கு சிறகுகள். பின்சிறகின் அடிப்பகுதி நன்றாக அகன்றிருப்பதால், அதிகம் சிறகடிக்காமலே காற்றில் மிதக்கும். மற்ற தட்டான்களைப்போல நாணல் நுனியில் அடிக்கடி வந்து உட்காராது. ஓய்வெடுக்க நினைத்தால் குச்சியைப் பற்றிச் செங்குத்தாகத் தொங்கும்.

இதன் வாழ்க்கையை நடத்துவது மழை. பெண் தட்டான் புதிதாகத் தேங்கிய குட்டையைத் தேடி, வால் நுனியால் நீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடும். நீர்போல மின்னும் காரின்மீது ஏமாந்து முட்டையிடுவதும் உண்டு. பாவம், அவை பொரிக்காது. மழைக்குட்டையில் மீன் பயம் இல்லை. ஆனால் தண்ணீர் வற்றுவதற்குள் வளர்ந்தாக வேண்டும். சில வகைத் தட்டான்களின் இளம்பூச்சிகள் ஆண்டுக்கணக்கில் நீரில் கிடக்க, இது வெதுவெதுப்பான நீரில் சுமார் 40 நாட்களிலேயே வளர்ந்துவிடும். அந்த அவசரத்துக்கு ஏற்ற பசி. மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென நீட்டிக் கொசுப்புழுவைக் கவ்விக்கொள்ளும். மூச்சுவிடும் செவுள்கள் இருப்பது மலக்குடலுக்குள்! அங்கே இழுத்த நீரைப் பீய்ச்சியடித்து முன்னால் பாயவும் செய்யும். கடைசியில் ஒரு செடித்தண்டில் ஏறி, முதுகுத்தோல் பிளந்து, தட்டானாக வெளிவரும். கூட்டுப்புழுப் பருவமே கிடையாது.

குட்டை வற்றிய பிறகு எங்கே போவது? மாலத்தீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் அங்கே லட்சக்கணக்கில் தட்டான்கள் வந்திறங்குவதைக் கவனித்தார். அந்தத் தீவுகளிலோ தட்டான் வளரத் தேங்கிய நன்னீர் அரிது. அவை இந்தியாவிலிருந்து கடல்தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009இல் எழுதினார். மழைமேகங்களைக் கூட்டிவரும் காற்று மண்டலம் தெற்கே நகரும்போது, அதன் பின்னால் உயரத்தில் வீசும் காற்றில் அவை ஏறிக்கொள்கின்றன. போய்ச்சேரும் இடத்தில் அப்போது மழைக்காலம். அடுத்த தென்மேற்குப் பருவக்காற்றில் அவற்றின் வழித்தோன்றல்கள் இந்தியா திரும்புகின்றன என்பது அவர் கணிப்பு. போக வர 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். சுற்று முடிய நான்கு தலைமுறைகள் வேண்டும். போகிற வழியெல்லாம் எங்கே புதுமழை தேங்குகிறதோ, அங்கே அடுத்த தலைமுறைக்கு முட்டையிடுகின்றன.