512-ன்னா எத்தனை கிராம்?

பிள்ளை கையில் ஆர்டுயினோ ஊனோ போர்டு வந்தாச்சு, எல்.இ.டி.யும் மினுக்கிப் பார்த்தாச்சு. அடுத்து ஒரு எஃப்.எஸ்.ஆர்., அதாவது அழுத்த உணரி, வாங்கிக் கொடுங்க. 402 என்ற மாடல் பரவலாகக் கிடைக்கும். விரல் நுனி அளவு வட்டம்தான்.

யாரும் தொடாதபோது அதன் மின்தடை மெகா ஓம் கணக்கில் இருக்கும். அழுத்த அழுத்தக் குறையும். ஆனால் ஆர்டுயினோவால் மின்தடையை நேராக அளக்க முடியாது. மின்னழுத்தம்தான் அதுக்குப் புரியும். அதனால் உணரியின் ஒரு காலை 5 வோல்ட்டிலும் மறு காலை ஏ0 பின்னிலும் செருகுங்க. அதே ஏ0-விலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். இப்போ அனலாக்ரீட் 0 முதல் 1023 வரை எண் தரும். உணரியும் 10 கிலோ ஓமுக்கு இறங்கினால் பாதி, சுமார் 512. கால்களில் சால்டர் வைக்காதீங்க, பிளாஸ்டிக் உருகிடும்.

"512-ன்னா எத்தனை கிராம்?" என்று பிள்ளை கேட்கும். பாடமே இங்கேதான் இருக்கு. இது தராசு இல்லை. எடை இரட்டிப்பானால் எண்ணும் இரட்டிப்பாகாது. அதே மாடலில் இன்னொன்று வேறு எண் காட்டும். பொருளை வைத்துவிட்டு விட்டாலும் எண் மெல்ல நகரும். கிராம் வேணும்னா லோட் செல் வாங்கணும்.

ஆனால் தொட்டது மெதுவாகவா, பலமாகவா என்று இது நன்றாகவே சொல்லும். பிள்ளையே பத்துப் பத்து முறை அழுத்தி, எண்களை நோட்டில் எழுதி, எல்லை எதுன்னு முடிவு பண்ணட்டும். திரையில் தெரியும் எந்த எண்ணையும் "இது எதை அளக்குது?" என்று கேட்கும் பழக்கம் அப்படித்தான் வரும்.