இருபதாம் இடத்தில் தெரியாதது

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவு வேளையில் வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் மாட்டிக்கொண்ட பிள்ளைகளே வகுப்புத் தோழர்களுக்குச் சோறும் சூப்பும் பரிமாறுவார்கள். எவ்வளவு காய், எவ்வளவு மீன் என்று சத்துக் கணக்குப் பார்த்துச் சமைத்த சாப்பாடு. அந்நாட்டில் 2016இல் 5 முதல் 19 வயதுள்ளவர்களில் அதிக எடை கொண்டவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர்கூட இல்லை. அமெரிக்காவிலோ நாற்பதைத் தாண்டியிருந்தது.

2020இல் யுனிசெஃபின் ஆய்வுப் பிரிவான இன்னொசென்டி, வசதி படைத்த 38 நாடுகளில் பிள்ளைகளின் நலத்தை அளந்தது. உடல்நலத்தில் ஜப்பானுக்கு முதலிடம். மனநலத்தில் 37ஆவது இடம். எல்லாவற்றையும் கூட்டிப் போட்ட பட்டியலில் 20. முதலிடம் பெற்ற உடம்பும் கடைசிக்கு முந்தைய இடம் பெற்ற மனசும் அதே பிள்ளைகளுடையவை. 20 என்ற எண்ணைப் பார்த்தால் இரண்டுமே தெரியாது.

மனசை எப்படி அளந்தார்கள்? முதலில், 15 வயதுப் பிள்ளைகளிடமே கேட்டார்கள்: இப்போது வாழும் வாழ்க்கை உனக்கு எவ்வளவு திருப்தி? சுழியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல். ஐந்துக்கு மேல் சொன்னவர்கள் நெதர்லாந்தில் 90 சதவீதம், ஜப்பானில் 62. கிழக்காசியப் பிள்ளைகள் அடக்கத்தினால் நடுவிலுள்ள எண்ணையே தொடுவார்கள் என்றொரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான். ஆனால் இன்னோர் அளவும் இருக்கிறது: 15 முதல் 19 வயதினரின் தற்கொலை விகிதம். அதை அடக்கம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. 2022இல் மட்டும் ஜப்பானில் பள்ளி மாணவர்கள் 514 பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

ஐரோப்பிய இளைஞர் மன்றம் 2017இல் கொண்டுவந்த இளைஞர் முன்னேற்றக் குறியீடு, நாட்டின் வருமானத்தை ஒதுக்கிவிட்டுச் சத்துணவு, வீடு, கல்வி, உரிமை என்று பார்க்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம். என்றாலும் அதுவும் கடைசியில் ஒரு நாட்டுக்கு ஓர் எண் என்றே வந்து நிற்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, எண்ணைக் கூட்டாமல் பிரித்துப் பார்த்த ஒரு வேலை.

1972 முதல் 2013 வரை 18 வயது நிரம்பாதவர்களின் தற்கொலைகளை ஜப்பான் அரசு தேதி வாரியாகப் பிரித்து, 2015இல் வெளியிட்டது. வேறெந்த நாளையும்விடச் செப்டம்பர் 1 அன்றுதான் அதிகப் பிள்ளைகள் இறந்திருந்தார்கள். கோடை விடுமுறை முடிந்து பல பள்ளிகள் திறக்கும் நாள் அது.

நாள் தெரிந்துவிட்டால் அதற்கு முன்பே கையை நீட்டலாம். அந்த ஆண்டு ஆகஸ்டின் கடைசி வாரத்தில் காமகுரா நகர நூலகம் ட்விட்டரில் ஓர் அறிவிப்புப் போட்டது. பள்ளிக்கூடம் போவதைவிடச் செத்துப்போகலாம் என்று தோன்றினால் நூலகத்துக்கு வந்துவிடுங்கள், படக்கதைகள் இருக்கின்றன, நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்று அதில் இருந்தது.