எரிதமும் நிறுவன மின்னஞ்சல் வழங்கியும்

எரிதம் அல்லது ஸ்பேம் என்பது பெறுநர் கேளாமலே மொத்தமாக அனுப்பப்படும் மின்னஞ்சல் ஆகும். 1978 மே மாதத்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கணினிகளை விளம்பரப்படுத்த, அர்ப்பாநெட் பயனர்கள் சுமார் 400 பேருக்கு அனுப்பப்பட்ட மடலே இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது.

நிறுவன வழங்கியில் எரிதத்தை எந்தக் கட்டத்தில் தடுப்பது என்பதே முக்கியமான முடிவு. அனுப்பும் வழங்கியும் பெறும் வழங்கியும் எஸ்எம்டிபி நெறிமுறைப்படி உரையாடுகின்றன. அந்த உரையாடல் முடியுமுன்பே 550 என்ற குறியீட்டுடன் மறுத்துவிட்டால், மடலுக்கான பொறுப்பு அனுப்பிய வழங்கியிடமே நிற்கும். உண்மையான வாடிக்கையாளரின் மடல் தவறுதலாக மறுக்கப்பட்டாலும், அவருடைய வழங்கி அதை அவருக்குத் தெரிவித்துவிடும்.

மடலை ஏற்றுக்கொண்ட பின் திருப்பி அனுப்புவதுதான் ஆபத்து. எரிதத்தில் காணும் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. சம்பந்தமே இல்லாத ஒருவருடைய முகவரியாகவும் இருக்கும். திரும்பும் மடல்களெல்லாம் அவர் தலையில் விழும். இவ்வாறு அனுப்பும் வழங்கி தடைப்பட்டியலில் ஏறவும் கூடும். பிறகு நிறுவனத்தின் சொந்த மடல்களே வெளியே போகாமல் தடைபடும்.

சத்தமின்றி அழிப்பதும் சரியன்று. ஸ்பேம்அசாசின் போன்ற வடிகட்டிகள் ஒவ்வொரு மடலுக்கும் மதிப்பெண் இடுகின்றன. இயல்பமைப்பில் 5 எட்டினால் எரிதம் என்று குறிக்கின்றன. தேர்வுத்தாளைப் போலவே இங்கும் எல்லைக்கோட்டில் நிற்பவை உண்டு. ஒரு விலைக் கோரிக்கை விளம்பர மடலைப் போலவே தோன்றலாம். அத்தகையவற்றைத் தனிக் கோப்புறையில் சில வாரங்கள் வைத்திருந்து, பெறுநரையே பார்க்கவிடுவது நல்லது.

பார்க்கும்போது, அறியாத மடலிலுள்ள 'விலகு' இணைப்பை ஊழியர் சொடுக்கக்கூடாது. அந்த முகவரி பயன்பாட்டில் இருப்பதை அது அனுப்பியவருக்கு உறுதிசெய்துவிடும்.