படபடப்பு வந்தால் இசிஜி கேளுங்கள்

சிரம்பானின் அம்பாங்கான் வட்டாரத்தில் யாராவது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது என்று சொன்னால், வாய்வு என்பார்கள், பயம் என்பார்கள், வயசாகிவிட்டது என்பார்கள். இஞ்சித் தண்ணீர் குடித்ததும் அடங்கிவிடும். அதோடு மறந்தும் போவோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் தாளக் கோளாறு இப்படித்தான் ஆரம்பத்தில் வந்து வந்து போகும். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும். அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு.

இது ஏன் வருகிறது என்பதில் அண்மை ஆண்டுகளில் மருத்துவத்தின் பார்வை விரிந்திருக்கிறது. நோய்க்கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்பு அணுக்கள் இதயத்துக்குள்ளேயே குடியிருக்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மத்தியாஸ் நாரன்டார்ஃப் குழுவினர் 2017இல் ஒன்றைக் காட்டினார்கள்: மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்துடிப்பைக் கடத்தும் முடிச்சில் இந்த அணுக்கள் தசை அணுக்களோடு இணைந்து துடிப்பு போக உதவுகின்றன. எலிகளில் அவற்றை அகற்றியபோது துடிப்பு தடைபட்டது. ஆக, அவை இதயத்துக்கு வேண்டியவை. சிக்கல் வெளியிலிருந்து வந்து குவிபவற்றால்தான். அதே குழு 2023இல் வெளியிட்ட ஆய்வில், இக்கோளாறு உள்ள நோயாளிகளின் மேலறைத் திசுவில், ரத்தத்தின் வழியாக வந்து சேர்ந்த மேக்ரோஃபேஜ்கள் பெருகியிருந்தன. அவை சுரக்கும் ஆஸ்டியோபான்டின் என்ற புரதம் தசைக்கு நடுவே தழும்பை வளர்க்கிறது. மின்துடிப்பு அந்தத் தழும்பில் வழி தவறிச் சுழலத் தொடங்குகிறது.

அந்த ஆய்வில் எலிகளுக்கு நோயை வரவழைக்க மூன்றைச் சேர்த்தார்கள்: உடல்பருமன், உயர் ரத்த அழுத்தம், வால்வுக் கசிவு. படித்தபோது எனக்கு நம் தோட்டப்புறக் குடும்பங்கள்தான் நினைவுக்கு வந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புத் தாமான்களாக மாறின. விடியலில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் இன்று லாரி ஓட்டுகிறார்கள், காவல் வேலையில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். சோற்றின் அளவும் தேத்தண்ணீர்ச் சீனியும் குறையவில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அதிகம். வயிற்றுக் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. எதிர்ப்பு அணுக்களைக் கிளப்பி அழற்சியைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. எடையையும் அழுத்தத்தையும் குறைப்பது இதயத் தாளத்துக்கும் சிகிச்சை என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

வால்வுக் கோளாறுக்கு இன்னொரு வழியும் உண்டு. நெருக்கமான லயன் வீடுகளில் வளர்ந்த தலைமுறையில், சிறுவயதில் சரியாகக் கவனிக்காத தொண்டைப் புண் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாகி, அவர்களின் எதிர்ப்பு அணுக்களே வால்வைத் தாக்கின. பெண்கள் பலருக்கு அது தெரிய வந்ததே கர்ப்பக் காலத்தில்தான். இவர்களுக்கு நாடி தடுமாறினால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் என்ற பழைய மருந்தே ஏற்றது. புதிய ரத்தம் உறையா மருந்து ஒன்றைவிட அந்த வகைப் பழைய மருந்தே மேல் என்று 2022இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், அப்போது டெல்லி எய்ம்ஸ் மருத்துவராக இருந்த கணேசன் கார்த்திகேயன்.

அழற்சி என்றதும் அதைக் குறைக்கும் மருந்தைத் தேடிப் போகிறவர்களை எண்ணித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். அழற்சியை அடக்கி இந்தக் கோளாறைத் தீர்க்கும் மருந்து என்று எதுவும் இன்னும் நிலைநாட்டப்படவில்லை. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் விற்கும் சில ஜாமு, மூட்டுவலி மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்தது என்றால் சந்தேகப்படுங்கள். அந்த ஸ்டீராய்டு சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஏற்றும். நீண்ட நாள் தின்றுவிட்டுத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தில் மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இல்லையென்றால் வாங்காதீர்கள். ஏற்கெனவே தின்றுகொண்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வார்ஃபரின் எடுப்பவர் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் வயிற்றில் ரத்தம் கசியலாம்.

நாடி பார்ப்பது எளிது. கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். துடிப்புகளின் இடைவெளி ஒழுங்கில்லாமல் மாறிக்கொண்டே இருந்தால் அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய், இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் இசிஜி எடுக்கக் கேளுங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட். படபடப்போடு நெஞ்சுவலி, மயக்கம், வாய் கோணல், கை தளர்ச்சி வந்தால் 999ஐ அழையுங்கள். கோளாறு உறுதியானால், எனக்குப் பக்கவாத ஆபத்து எவ்வளவு, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேண்டுமா என்று கேட்பது உங்கள் உரிமை. அந்த மருந்து தேவைப்படுகிறவருக்கு ஆஸ்பிரின் அதற்கு ஈடாகாது. தமிழில் விளக்க ஆள் வேண்டுமென்றால் தயங்காமல் சொல்லுங்கள். அரசாங்க உதவித்தொகை பெறுபவர்களுக்கும் அவர்களின் துணைக்கும், 40 வயது நிறைந்திருந்தால், பெக்கா பி40 திட்டத்தில் உடல்நலப் பரிசோதனை இலவசம்.

நாள் சம்பளம் போகுமே என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: மருத்துவர் சான்று தந்தால் வேலைச் சட்டப்படி சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. 2 ஆண்டுக்குக் குறைந்த பணிக்கு ஆண்டுக்கு 14 நாள், 5 ஆண்டு வரை 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் தனி. 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் மேலே சொன்ன மருத்துவ விடுப்போடு சேராது. பக்கவாதம் வந்து உழைக்க முடியாமல் போனால் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் கெயிலாத்தான் (உழைக்க இயலாமை) திட்டம் இருக்கிறது. வேலையிடத்தில் வந்த நோயாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. சந்தா காலத்தைப் பார்ப்பார்கள், மருத்துவக் குழு பரிசோதிக்கும். ஆனால் 60 வயதுக்கு முன்பே மனு போய்ச் சேருவது நல்லது. பிந்தினால், அந்த வயதுக்கு முன்பே உழைக்க முடியாமல் போனதை நிரூபிக்க வேண்டியிருக்கும். 58, 59 வயதில் ஒருவர் படுத்துவிட்டால், குணமாகட்டும் என்று காத்திருக்காமல் வீட்டார் அந்த வாரமே சிரம்பான் பெர்கேசோ அலுவலகத்துக்குப் போய்ப் பாரம் வாங்கிவிட வேண்டும்.